பொய்க்கல்லும் மெய்யான கௌரவமும்

நகையைப் பற்றி எழுதுவது நாவலாசிரியனுக்குரிய வேலையா என்று சிலர் கேட்கலாம். கதையில் வருகிற பெண் எந்தத் தோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள் என்று எழுதுகிறவன், அந்தத் தோடு அவளுக்கு யாரிடமிருந்து வந்தது, அவளுக்குப் பிறகு யாரிடம் போகும் என்பதையும் யோசித்தே தீரவேண்டும். தங்கத்தின் விலையைக் கடைக்காரர் சொல்லிவிடுவார். நகையின் மதிப்போ அது கைமாறி வந்த கதையில்தான் இருக்கிறது. ஆகவே இது என் வேலைதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இப்போது ஒரு வழக்கம் தோன்றியிருக்கிறது. ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்திய போலி நகைகளை, நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் கவரிங் நகைகளைச் சேகரிக்கிறார்கள். ஒவ்வொரு தொகுப்புக்கும் பால்புதுமையினர் சமூகத்துக்குத் தலைமை வகித்த ஒருவருடைய பெயரைச் சூட்டி விற்கிறார்கள். வருகிற பணத்தில் ஒரு பங்கு அந்தச் சமூகத்துக்குத் தொண்டு செய்யும் ஸ்தாபனங்களுக்குப் போகிறது. பால்புதுமையினர் என்பது, ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், பிறந்தபோது பிறர் சொன்ன பாலைத் தன்னுடையதாக ஏற்காதவர் ஆகிய எல்லோரையும் சேர்த்துச் சொல்ல இன்று தமிழில் வழங்குகிற சொல்.

நல்ல காரியந்தானே, இதில் விமரிசனத்துக்கு என்ன இடம் என்று தோன்றும். தர்ம காரியம் என்ற பெயர் வந்துவிட்டால் நாம் ரசனையைச் சற்று ஒதுக்கி வைத்துவிடுகிறோம். திருப்பணி நிதிக்காக நடக்கும் நாடகம் என்றால் நடிப்பு எப்படி இருந்தாலும் கைதட்டிவிட்டு வந்துவிடுகிற மாதிரி. எனக்கு இது சம்மதமில்லை. ஒருவருக்குச் செய்யும் மரியாதை என்று சொல்லி ஒரு பொருளை விற்றால், அந்தப் பொருளுக்கும் அந்த மனிதருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

முதலில் பொருளைப் பார்ப்போம். ரைன்ஸ்டோன் என்று அங்கே சொல்லும் கல், பெயரளவில் ரைன் நதியில் கிடைத்த படிகக் கல். இன்று அந்தப் பெயரில் கிடைப்பது கண்ணாடி. பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் ஸ்ட்ராஸ் என்ற நகைக்காரர், ஈயம் கலந்த கண்ணாடியைப் பட்டை தீட்டி வைரம் போல ஜொலிக்கச் செய்து பெயர் வாங்கினார். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அந்தக் கல்லை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். 1892-ல் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி கண்ணாடிக் கல்லுக்குப் பட்டை தீட்டும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். மூன்று வருஷம் கழித்து ஆஸ்திரியாவில் வாட்டன்ஸ் என்ற ஊரில் தொழிற்சாலை போட்டார். அதன் பிறகு பொய்க்கல் எல்லோர் கைக்கும் எட்டுவதாயிற்று.

இந்தக் கல்லின் ஒளி அதனுடைய சொந்த ஒளி அல்ல. முதுகில் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோகத் தகட்டிலிருந்து வெளிச்சம் திரும்பி வருகிறது. ஈரம் பட்டால் தகடு கறுத்துவிடும், கல் மங்கிவிடும். அப்படி மங்கியதைச் சேகரிப்பவர்கள் செத்த கல் என்கிறார்கள். வைரத்தைச் சாக்கடையில் போட்டு எடுத்தாலும் வைரந்தான். பொய்க்கல்லை யாராவது பத்திரமாக வைத்துக் காப்பாற்றினால்தான் அது ஐம்பது வருஷம் பிழைக்கும். எங்கோ ஓர் அலமாரியில் பழைய ரைன்ஸ்டோன் நகை இன்னும் பளபளக்கிறது என்றால், அதை ஒருவர் பொருட்படுத்தி வைத்திருந்தார் என்று அர்த்தம்.

போலி என்பதால் அதில் கலை இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ட்ரிஃபாரி என்ற நியூயார்க் கம்பெனி தன் நகை மாதிரிகளைப் பிறர் காப்பியடிப்பதை எதிர்த்து வழக்குப் போட்டது. 1955-ல் நீதிமன்றம் போலி நகையும் கலைப்படைப்புத்தான், அதற்கும் காப்புரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. கல் பொய்யாக இருக்கலாம், அதைக் கோத்த கற்பனை பொய்யல்ல என்று சட்டமே ஒப்புக்கொண்டது என்று இதற்கு அர்த்தம் சொல்லலாம்.

அதே ட்ரிஃபாரி கம்பெனி செய்து கொடுத்த முத்து அட்டிகை ஒன்று உண்டு. 1953 ஜனவரியில் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது, அவர் மனைவி மேமி அதை அணிந்துகொண்டு பதவியேற்பு நடனத்துக்கு வந்தாள். முத்து போலி. ஜனாதிபதியின் மனைவி போலி முத்து அணிவதா என்று யாரும் அவளைப் பிடித்து விசாரிக்கவில்லை. பெருந்தன்மை, எளிமை, நல்ல ரசனை என்று பாராட்டத்தான் பாராட்டினார்கள். அதே வருஷம் ஏப்ரல் மாதம் அவள் கணவர் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். 10450 என்ற எண்ணுள்ள அந்த உத்தரவைக் காட்டி, தன்பால் விருப்பம் கொண்டவர்களைத் தேசத்தின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர்கள் என்று சர்க்கார் வேலையிலிருந்து நீக்கினார்கள். இப்படி வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

இந்த இரண்டு சம்பவங்களும் ஒரே வருஷத்தில், ஒரே வீட்டில் நடந்தன என்பதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ஒரே போலி முத்து ஒரு கழுத்தில் நாகரிகமாக இருக்கிறது, இன்னொரு கழுத்தில் குற்றமாகிவிடுகிறது. ஸான் பிரான்ஸிஸ்கோவில் தன் பாலுக்குரியதல்லாத உடையை அணிந்து வெளியே வரக்கூடாது என்று 1863-ல் போட்ட சட்டம் 1974 வரையில் இருந்தது. அங்கே ஓர் ஆண் மேமியின் அட்டிகையைப் போன்ற ஒன்றைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் போலீஸ் வண்டி காத்திருக்கும். பழைய போலி நகைகளைப் பால்புதுமையினர் தலைவர்களோடு சேர்த்துப் பேச நியாயம் உண்டா என்று கேட்டால், இந்த இடத்தில்தான் உண்டு என்பேன். அந்த நகையை அணிவதற்கே துணிச்சல் வேண்டியிருந்தது.

ஹொஸே ஸாரியா என்ற மனிதரின் கதையைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். மைக்கேல் கோர்மன் 1998-ல் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். ஸாரியா ஸான் பிரான்ஸிஸ்கோவில் பிறந்தவர். தாய் கொலம்பியா நாட்டுக்காரி. ஆள் ஐந்து அடிக்கும் குறைவு. இரண்டாவது உலக யுத்தத்தில் ராணுவத்தில் சேவை செய்துவிட்டு வந்து, உபாத்தியாயராக வேண்டும் என்று படித்தார். ஆண்களைச் சிக்க வைப்பதற்கென்றே போலீஸார் விரித்திருந்த வலையில் அகப்பட்டார். ஒழுக்கக் குற்றம் என்று பதிவாகிவிட்ட பிறகு உபாத்தியாயர் வேலை கனவாகப் போயிற்று. பிளாக் கேட் என்ற மதுக்கடையில் மேஜைக்கு மேஜை மது கொண்டு கொடுத்துக்கொண்டிருந்தவர், அங்கேயே பாட ஆரம்பித்தார். பெண் வேஷம் கட்டிக்கொண்டு, இத்தாலி, பிரான்ஸ் தேசத்து ஆபராக்களைக் கேலியாக மாற்றிப் பாடினார். அவருடைய கார்மென் ஸ்பெயின் தேசத்தில் இல்லை. ஸான் பிரான்ஸிஸ்கோவிலேயே போலீஸுக்குப் பயந்து ஓடி ஒளிகிறவள். ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, கைகோத்து, பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் தங்களைப் பற்றிய பாட்டு ஒன்றைப் பாடச் சொல்வார். குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் பலர் என்று கேள்வி.

அந்த ஊர்ச் சட்டத்தில் ஏமாற்றும் நோக்கத்தோடு வேஷம் போடுவது குற்றம் என்று இருந்தது. ஹாலோவீன் இரவில் எல்லோரும் வேஷம் போடுவார்கள் ஆகையால் போலீஸார் நள்ளிரவு வரையில் சும்மா இருப்பார்கள். மணி பன்னிரண்டு அடித்தவுடன் பெண் உடையில் இருக்கும் ஆண்களைப் பிடிப்பார்கள். ஸாரியா இதற்கு ஒரு வழி கண்டார். கறுப்புப் பூனையின் தலை வடிவத்தில் கையால் செய்த வில்லைகளைக் கொடுத்து எல்லோரையும் உடையில் குத்திக்கொள்ளச் சொன்னார். நான் ஒரு பையன் என்பதுதான் அதில் எழுதியிருந்தது. போலீஸ்காரர் வந்தால் அதைக் காட்டவேண்டியது. ஏமாற்றும் நோக்கம் எங்கே இருக்கிறது? உண்மையை நெஞ்சில் எழுதிக்கொண்டல்லவா வந்திருக்கிறார்கள்!

அமெரிக்காவில் செய்யப்பட்ட நகைகளில் எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், இந்த வில்லையைத்தான் சொல்லுவேன். கல் இல்லை, பொன் இல்லை, கம்பெனி முத்திரை இல்லை. ஆனால் நகை செய்யவேண்டிய வேலையை அது முழுமையாகச் செய்தது. அணிந்தவனை ஓர் இரவு காப்பாற்றியது. அவன் யாரோடு சேர்ந்தவன் என்று சொல்லியது. அதைப் பார்த்துச் சிரிக்கவும் வைத்தது.

1961-ல் ஸாரியா நகர சபைத் தேர்தலில் நின்றார். தன்னை ஒளிக்காமல் அமெரிக்காவில் தேர்தலுக்கு நின்ற முதல் தன்பால் விருப்பினர் அவர்தான். காலியான இடம் ஐந்து. மனுப் போட வேண்டிய கடைசி நாளில் பார்த்தால் போட்டிக்கு ஆள் போதாது; ஸாரியா சும்மாவே ஜயித்துவிடுவார் போல இருந்தது. அதிகாரிகள் பதறிப்போனார்கள். சாயங்காலத்துக்குள் முப்பதுக்கு மேற்பட்ட மனுக்கள் வந்து சேர்ந்துவிட்டன. ஸாரியா தோற்றார். ஆனால் 5,000-க்கு மேற்பட்டவர்கள் அவருக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். அத்தனை பேர் இருக்கிறோம் என்பது அவர்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே நகர சபைக்கு 1977-ல் ஹார்வி மில்க் ஜயித்துப் போனார் என்றால், அதற்கான கணக்கு இங்கே ஆரம்பித்தது.

கிரீடத்தின் கதை இதற்குப் பிறகு வருகிறது. அறுபதுகளின் நடுவில் மதுக்கடைக்காரர்களின் சங்கம் நடத்திய நடன விழாவில் ஸாரியாவுக்கு ராணிப் பட்டம் கட்டினார்கள். குவீன் என்பது அந்த ஊர்ப் பேச்சில் நளினமுள்ள ஆண்களைக் கேலி செய்யும் சொல். ராணியாகத்தான் ஏற்கெனவே இருக்கிறேனே என்ற கருத்தில் பேசிவிட்டு, அவர் தன்னைச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்துகொண்டார். நார்ட்டனின் விதவை என்ற பட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். நார்ட்டன் என்பவர் 1859-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் தானே அமெரிக்காவின் சக்கரவர்த்தி என்று அறிவித்துக்கொண்டு, 1880-ல் தெருவில் விழுந்து இறந்துபோன ஓர் ஏழை. ஊரே அவருக்குச் சலாம் போட்டுச் செல்லம் கொடுத்தது. அவர் இறந்து நாற்பது வருஷத்துக்கும் பிறகு பிறந்த ஸாரியா அவருக்கு விதவை ஆனார். அரசாங்கம் குடிமகன் என்ற மரியாதையைக்கூடக் கொடுக்க மறுத்த மனிதர், அதைவிடப் பெரிய பட்டத்தைத் தானே எடுத்துக்கொண்டார். வம்சமும் தானே தேடிக்கொண்டார்.

கேலிக்கூத்தாக ஆரம்பித்த இந்த ராஜசபை இன்று அமெரிக்கா, கானடா, மெக்ஸிகோ ஆகிய தேசங்களில் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் வருஷத்துக்கு ஒரு முறை முடிசூட்டு விழா. கிரீடத்திலிருந்து மார்புப் பதக்கம் வரையில் பெரும்பாலும் பொய்க்கல்தான். ஆனால் அந்தக் கிரீடத்தை ஏற்றுக்கொள்கிறவருக்கு ஒரு கடமை உண்டு. பதவியில் இருக்கும் ஒரு வருஷம் முழுவதும் ஆட்டம், பாட்டு, விருந்து என்று நடத்தி, வருகிற பணத்தைத் தர்மத்துக்குக் கொடுக்கவேண்டும். 1981-க்குப் பிறகு எய்ட்ஸ் நோய் இந்தச் சமூகத்தைச் சூறையாடியபோது, நோயாளிகளுக்குச் சோறும் மருந்தும் வாங்க இந்தப் பொய்க்கல் ராணிகளும் பணம் சேர்த்தார்கள். மெய்யான ராஜ்யத்தில் கிரீடம் வரி வசூலிக்கும். இந்த ராஜ்யத்தில் கிரீடம் பிச்சை எடுக்கும்.

இதற்கு ஆட்சேபம் சொன்னவர்களும் உண்டு. அவர்களை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஃபிராங்க் காமெனி என்ற வானநூல் விஞ்ஞானியை 1957-ல் ராணுவ வரைபட இலாகா வேலையிலிருந்து நீக்கியது. அவர் பணிந்துபோகாமல் வழக்காடினார். பிறகு மறியல்களை நடத்தினார். 1965 முதல் 1969 வரையில் ஜூலை 4-ந் தேதிதோறும் பிலடெல்பியாவில் நடந்த மறியலில் ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் கவுனும் அணிந்துதான் வரவேண்டும். உத்தியோகம் கேட்கிறவர்கள் உத்தியோகஸ்தர் மாதிரி இருக்கவேண்டும் என்பது அவருடைய கட்சி. ரைன்ஸ்டோன் கிரீடம் தங்கள் கோரிக்கையைக் கேலிக்கூத்தாக்கிவிடும் என்ற அச்சம் அந்தத் தரப்பில் இருந்தது.

இரண்டு பேரும் அவரவர் இடத்தில் சரி என்றே எனக்குப் படுகிறது. காமெனி நீதிமன்றத்தை நோக்கிப் பேசினார். ஸாரியா தன் ஜனங்களை நோக்கிப் பேசினார். நீங்களும் எங்களைப் போலத்தான் என்று எதிரிக்குத் தெரிவிக்க டை வேண்டியிருந்தது. நீ அழுக்கு அல்ல என்று பயந்து கிடக்கும் பையனுக்குத் தெரிவிக்கக் கிரீடம் வேண்டியிருந்தது. காமெனியின் மறியல் அட்டைகள் 2006-ல் ஸ்மித்ஸோனியன் மியூஸியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மேமியின் போலி முத்துக்கும் அதே மியூஸியத்தில் இடம் உண்டு. காலம் சில சமயம் நல்ல கதாசிரியனாக இருக்கிறது.

இப்போது விற்பனைக்கு வந்த தொகுப்புகளுக்குத் திரும்புகிறேன். கதை நகையின் விலையை ஏற்றும் என்பது வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும். லா பெரக்ரினா என்ற முத்தை 1969-ல் ரிச்சர்ட் பர்ட்டன் 37,000 டாலருக்கு வாங்கி எலிஸபெத் டெய்லருக்குக் கொடுத்தார். அவள் இறந்த பிறகு, 2011 டிசம்பரில் ஏலம் விட்டபோது அது ஒரு கோடியே பதினெட்டு லட்சம் டாலருக்குப் போயிற்று. எய்ட்ஸ் நோயாளிகளுக்காக மற்ற நட்சத்திரங்கள் வாயைத் திறக்கப் பயந்த காலத்தில் பேசியவள், பணம் திரட்டியவள் அவள். முத்தின் விலையில் ஸ்பெயின் ராஜாக்களோடு அந்தப் பெயரும் கலந்திருந்தது. ஆனால் அந்த முத்துக்கு அவளோடு உண்மையான சம்பந்தம் இருந்தது; அவள் கழுத்தில் கிடந்த முத்து அது.

பெயர் சூட்டி விற்கும் தொகுப்புகளில் பலவற்றுக்கு இந்தச் சம்பந்தம் இல்லை. மார்ஷா ஜான்ஸன் என்ற பெயரில் ஓர் அட்டிகை விற்கப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மார்ஷா நியூயார்க் தெருக்களில் வாழ்ந்தவர். 1970-ல் ஸில்வியா ரிவேராவோடு சேர்ந்து, வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்து, அவர்களுக்குத் தங்க ஒரு வீடும் நடத்தினார். பூ மார்க்கெட்டில் விற்காமல் மிஞ்சிய பூக்களைத் தலையில் கிரீடமாக வைத்துக்கொள்வார். 1992-ல் ஹட்ஸன் நதியில் பிணமாகக் கிடைத்தார். அவருடைய கிரீடம் அன்றன்று சாயங்காலம் வாடிப்போகும் கிரீடம். அதை யாரும் சேகரிக்க முடியாது. அவர் பெயரைச் சொல்லி அட்டிகை விற்கிறவர், அந்த அட்டிகையோடு வைக்கும் சீட்டில், துணிச்சலின் சின்னம் என்று நாலு அழகான வார்த்தை எழுதிவிட்டால் அது மரியாதை ஆகாது. பிள்ளைகளுக்காக ஒரு வீடு நடத்தினார் என்று எழுதவேண்டும். இந்த விலையில் இவ்வளவு டாலர், இன்ன ஊரில், இன்ன வீட்டுப் பிள்ளைகளுக்குப் போகிறது என்றும் எழுதவேண்டும். ஒரு பங்கு என்று சொல்லி எந்தப் பங்கு என்று சொல்லாமல் விடுவது, உண்டியலை வைத்துவிட்டுச் சாவியை மறைப்பது போலத்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த வழக்கம் நின்றுபோகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு காரணம் இருக்கிறது. குடும்ப நகை தாயிடமிருந்து மகளுக்குப் போகும்; மகளிடமிருந்து பேத்திக்குப் போகும். இந்த மனிதர்களில் எத்தனையோ பேரைப் பெற்றவர்களே கைவிட்டிருந்தார்கள். அவர்கள் இறந்தபோது அந்த நகைப்பெட்டியைத் திறந்து, இது இன்ன விழாவில் போட்டுக்கொண்டது என்று சொல்ல யாரும் இல்லை. எய்ட்ஸ் காலத்தில் பெட்டிகள் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போயின. சில தர்மக் கடைகளுக்குப் போயின. நியூயார்க்கில் 1990-ல் ஆரம்பித்த ஹவுஸிங் ஒர்க்ஸ் என்ற ஸ்தாபனம், வீடில்லாத எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வீடு தேடிக் கொடுக்கிறது. ஜனங்கள் தானமாகக் கொடுக்கும் பழைய துணியையும் நகையையும் விற்கும் கடைகள் அதற்கு ஒரு வருமானம். அந்தக் கடையில் ஒரு கண்ணாடிக் கல் தோட்டை வாங்கிப் போட்டுக்கொள்ளும் இளைஞனுக்கு, அது யாருடையது என்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் வாரிசு இல்லாமல் போன ஒரு நகைக்கு அன்றைக்கு ஒரு வாரிசு கிடைத்துவிடுகிறான். அந்தப் பணத்தில் யாரோ ஒருவருக்குக் கூரையும் கிடைக்கிறது.

ராஜசபைக்காரர்கள் ஸாரியாவை அம்மா ஹொஸே என்றுதான் அழைத்தார்கள். அவர் 2013-ல் தொண்ணூறு வயதில் இறந்தார். கிரேஸ் கதீட்ரலில் நடந்த சடங்குக்குச் சபையினர் முழு ராஜ உடையில் வந்தார்கள். அவருடைய விருப்பப்படியே நார்ட்டனின் கல்லறைக்கு அருகில் அவரை அடக்கம் செய்தார்கள். காஸ்ட்ரோ பகுதியில் ஒரு தெருத் துண்டுக்கு 2006-லேயே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் நள்ளிரவு அடித்ததும் எந்த வேஷத்தைக் கழற்றிவிட்டு ஓடவேண்டியிருந்ததோ, அதே வேஷத்தில் இப்போது ஜனங்கள் வருஷந்தோறும் பகல் வெயிலில் அந்தக் கல்லறைகளுக்குப் போகிறார்கள்.

தலைவர்கள் பெயரால் நகை விற்கிறவர்கள் இதைத்தான் நினைவில் வைக்கவேண்டும். ஸாரியாவின் கிரீடத்தில் இருந்த கல் பொய். அதைத் தலையில் வைத்துக்கொண்டவர் செய்ய ஒப்புக்கொண்ட வேலை மெய். அந்த வேலையை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் விற்றால், கடைசியில் கையில் மிஞ்சுவது முதுகுத் தகடு கறுத்துப்போன கண்ணாடித் துண்டுதான்.